கிட்டாத கடற்காகம்

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஹாஃப் மூன் பே என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது. 2017 ஜனவரி 12 அன்று அங்கே ஒரு ராஸ் கடற்காகம் தென்பட்டது. மாடப்புறா அளவே உள்ள, வடதுருவப் பகுதியிலேயே காலம் தள்ளும் பறவை அது. கலிபோர்னியாவில் அதற்கு முன் ஒரே ஒரு முறை, 2006-இல் சால்டன் ஏரியில் பதிவாகியிருந்தது. செய்தி பரவியது, கூட்டம் சேர்ந்தது. ஜனவரி 14 அன்று, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணெதிரிலேயே பொரி வல்லூறுகள் அதை அடித்துக் கொன்றுவிட்டன. அன்றிரவு வண்டியேற இருந்தவர்களுக்கு மனம் உடைந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனாலும் அவர்களுக்கு வேறு யாருக்கும் எளிதில் கிடைக்காத ஒரு சலுகை கிடைத்தது. அந்தப் பறவையைத் தாங்கள் ஏன் பார்க்கப் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

மற்றவர்களுக்கு அது தெரிவதில்லை. அபூர்வமான ஒரு கடற்காகத்தைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவரிடம் மிஞ்சுவது ஒரு கேள்விக்குறிதான். பறவை போய்விட்டதா? அங்கேயே இருந்தும் கண்ணில் படவில்லையா? கண்ணில் பட்டும் அடையாளம் தெரியவில்லையா? முதலில் பார்த்தவர்தான் தவறாகச் சொல்லிவிட்டாரா? இந்த நான்கையும் பிரித்தறிய அவரிடம் ஒன்றும் இல்லை. கரையில் ஏற்கெனவே நிற்பவர்கள் சொல்லும் ஒரு வாசகம் மட்டும் உலகம் முழுக்க மாறுவதில்லை: “நேத்து வந்திருந்தா பார்த்திருக்கலாம்.” பறவை நோக்கர்கள் இந்தத் தோல்வியை ‘டிப்’ என்பார்கள். கொஞ்சம் சிரித்து, கொஞ்சம் புலம்பி, பட்டியலில் எதுவும் எழுதாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இந்த உரையில் நான் வாதிடப் போவது அந்த எழுதாமல் விடுவதைப் பற்றித்தான். முறையாகத் தேடியும் ஒரு பறவையைக் காணாதது ஒரு தகவல். பல நேரங்களில் கண்டதைவிடப் பயனுள்ள தகவல். நாம் அதைப் பதிவதில்லை. அதனால்தான் அது வெறும் எரிச்சலாக மிஞ்சுகிறது.

ராஸ் கடற்காகத்தின் வரலாற்றையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1823 ஜூன் மாதம், பாரி என்ற பிரிட்டிஷ் கடற்பயணியின் இரண்டாவது ஆர்க்டிக் பயணத்தின்போது, கனடாவின் மெல்வில் தீபகற்பத்தில் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் இந்தப் பறவையைச் சுட்டு எடுத்தார். அதன் பிறகு ஏறத்தாழ 80 ஆண்டுகள், இது எங்கே கூடு கட்டுகிறது என்று ஒரு இயற்கையியலாளருக்கும் தெரியாது. துருவக் கடலில் உறைபனியோடு மிதந்து கடைசியில் 1881-இல் நொறுங்கிப்போன ‘ஜீனெட்’ என்ற அமெரிக்கக் கப்பலில் நியூகோம்ப் என்ற இயற்கையியலாளர் இருந்தார். உயிர் பிழைத்து வந்த அவர், இந்தப் பறவையின் மூன்று தோல்களைச் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்தார். உணவுக்கே வழியில்லாத பயணத்தில் மூன்று பறவைத் தோல்! நார்வேயின் துருவப் பயணி நான்சென் 1895-இல் ஃபிரான்ஸ் ஜோசப் நிலத் தீவுகளை நெருங்கியபோது இவற்றை நிறையப் பார்த்தார். கூடுகள் பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்று எண்ணினார். அது தவறான ஊகம். 1905-இல் செர்கேய் புத்தூர்லின் என்ற ரஷ்யர் கூடுகளைக் கண்டுபிடித்தது பனித்தீவில் அல்ல. சைபீரியாவின் கோலிமா ஆறு கடலில் சேரும் இடத்துச் சதுப்பு நிலத்தில்.

இதில் கவனிக்கவேண்டியது, நான்செனைத் தவறான முடிவுக்கு இட்டுச் சென்றது அவர் கண்ணால் கண்ட பறவைகள்தான் என்பது. கோடையில் பறவை இருக்கிறது, ஆகவே கூடும் இருக்கும் என்பது இயல்பான ஊகம். கடற்காகங்கள் அப்படிப்பட்டவை அல்ல. இனப்பெருக்கம் முடிந்தவையும், அந்த ஆண்டு தோற்றுப்போனவையும், இன்னும் பருவமடையாதவையும் இரை கிடைக்கும் பனிவிளிம்பை நாடி நெடுந்தூரம் போய்விடும். கண்டதை மட்டும் வரைபடத்தில் குறித்தால் அது பறவையின் வரைபடமாக இருக்காது, கப்பல்கள் போன வழியின் வரைபடமாகத்தான் இருக்கும். “இந்தத் தீவில் இறங்கினோம், இத்தனை நாள் தேடினோம், கூடு இல்லை” என்ற குறிப்புகளை அந்தக் காலப் பயணிகள் எல்லோரும் ஒழுங்காக வைத்திருந்தால், புத்தூர்லினுக்கு முன்பே யாராவது கடலை விட்டு ஆற்றுமுகங்களின் பக்கம் திரும்பியிருக்கக்கூடும். இது என் ஊகம்தான். ஆனால் ஊகிக்க இடம் இருக்கிறது.

இனி, கடற்காகத்தைத் தேடுவது ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்பதற்கு வருகிறேன். காட்டுக்குள் ஒளியும் ஆந்தை கிடைக்கவில்லை என்றால் யாரும் வியப்பதில்லை. கடற்காகம் ஒளிவதில்லை. திறந்த வெளியில், வெள்ளைவெளேரென்று, எல்லோர் பார்வையிலும் உட்கார்ந்திருக்கும். அதுதான் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு கடற்காகத்தின் ஒரு நாளைப் பாருங்கள். ஓதம் வற்றும்போது சேற்றுத்திட்டில் இரை தேடும். ஓதம் ஏறியதும் திட்டு மூழ்கிவிடும். உடனே மீன்பிடித் துறைமுகத்துக்கோ, குப்பைக் கிடங்குக்கோ, ஈரமான வயல்வெளிக்கோ போய்விடும். இறகில் ஒட்டிய உப்பைக் கழுவ நன்னீர் தேடிப் போகும். நண்பகலில் எங்காவது ஒரு மணல்திட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும். பொழுது சாயும் நேரத்தில் ஆயிரக்கணக்கில் கூடி நீர்ப்பரப்பில் அடையும். பிரிட்டனில் குளிர்கால மாலைகளில் நீர்த்தேக்கக் கரைகளில் ஸ்கோப் என்ற தொலைநோக்கியோடு நின்று, வெளிச்சம் மங்குவதற்குள் அடையவரும் கூட்டத்தை ஒன்றொன்றாகப் பார்த்து முடிக்க முயல்வதே ஒரு தனிக் கலை. இந்த இடங்களுக்கு இடையே பல கிலோமீட்டர் இருக்கும். ஓதமோ நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. ஆகவே நேற்றுக் காலை எட்டு மணிக்குப் பறவை நின்ற திட்டு, இன்று காலை எட்டு மணிக்கு இன்னும் தண்ணீருக்கடியில் இருக்கலாம். செய்தியில் இடத்தை எழுதுகிறார்கள். நேரத்தையும் சில சமயம் எழுதுகிறார்கள். ஓதத்தை எழுதுகிறவர் அபூர்வம். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து உட்காருகிறவர் நிலைதான் நம்முடையது, அழைப்பிதழில் நேரம் சரியாகப் போட்டிருந்தும்.

அடுத்தது கூட்டம். ராஸ் கடற்காகம் தனியே வந்து தன்னைக் காட்டிக்கொள்ளாது. தன்னளவே உள்ள வேறு கடற்காகங்களோடு கலந்துவிடும். 1975 குளிர்காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மெரிமாக் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள நியூபரிபோர்ட், சாலிஸ்பரி ஊர்களில் ஒரு ராஸ் கடற்காகம் கண்டறியப்பட்டது. அலாஸ்காவை நீக்கிப் பார்த்தால் அந்த நாட்டில் அதுவே முதல் பதிவு. அது போனபார்ட் கடற்காகக் கூட்டத்தோடு சேர்ந்தே திரிந்தது. நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பறவையை எதைக் கொண்டு பிரிப்பது? சிறிய கறுத்த அலகு, உருண்ட தலை, மென்மையான முகம். இவையெல்லாம் அருகில் நின்றால்தான் தெரியும். அதன் சிறப்பு அடையாளம் ஆப்பு வடிவ வால். நடு இறகுகள் நீண்டு, ஓரத்து இறகுகள் படிப்படியாகக் குறுகும். பறவை பறந்து, திரும்பி, வாலை விரித்தால் மட்டுமே அது கண்ணுக்குப் புலப்படும், அதுவும் ஓரிரு நொடி. மார்பில் ரோஜா நிறச் சாயல் இருக்குமே என்பார்கள். உணவிலிருந்து வரும் அந்தச் செந்நிறமி மற்றக் கடற்காகங்களிலும் சில சமயம் தென்படும். நம் நாட்டில் குஜராத் கடற்கரைக்கு வரும் ஒல்லி அலகுக் கடற்காகத்தின் வயிற்றிலேயே மாலை வெயிலில் அந்தச் சாயலைக் காணலாம். ஆகவே அறுநூறு பறவைகள் அமர்ந்திருக்கும் திட்டை ஒருவர் மூன்று முறை பார்த்து “இல்லை” என்றால், அவர் சொல்வது “வாலை விரித்தவற்றுள் இல்லை” என்பதுதான். அந்த வேறுபாட்டைக் குறித்துவைக்கிறாரா என்பதே என் கேள்வி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு பறவை நிச்சயமாக அந்தப் பகுதியில் இருக்கிறது, ஒரு மணி நேரத் தேடலில் அது கண்ணில் பட ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் தேடிக் காணாவிட்டால் அதிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரியாது. இருந்தும் தப்பியிருக்க 80 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. பத்துத் தனித்தனித் தேடல்களில் காணாவிட்டால், பறவை இருந்தும் எல்லாரிடமும் தப்பியிருக்கும் வாய்ப்பு சுமார் 11 விழுக்காடாகக் குறைந்துவிடும். ‘அது அங்கே இல்லை’ என்ற முடிவுக்கு அப்போதுதான் கொஞ்சம் வலு வருகிறது. இந்தக் கணக்கில் ‘தனித்தனி’ என்ற நிபந்தனை முக்கியம். ஒரே திட்டை, ஒரே ஓதத்தில், தோளோடு தோள் நின்று இருபது பேர் பார்ப்பது இருபது தேடல் ஆகாது. அது ஒரு தேடல், இருபது சாட்சிகள். அபூர்வப் பறவைக்குக் கூடும் கூட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நிற்கின்றன. முதலில் பார்த்த இடத்திலேயே, காலையிலிருந்து மாலைவரை. பறவை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். “இத்தனை பேர் நின்றும் கிடைக்கவில்லை” என்ற புலம்பலில் உள்ள ‘இத்தனை பேர்’ கணக்கில் ஒன்றாகத்தான் சேரும்.

இந்தச் சிந்தனையை உயிரியலாளர்கள் முறைப்படுத்திவிட்டார்கள். டாரில் மெக்கென்சியும் அவருடன் சேர்ந்தவர்களும் 2002-இல் ‘எக்காலஜி’ இதழில் வெளியிட்ட கட்டுரை, ஓரிடத்தில் ஓர் உயிரினம் இருப்பதையும் அது நம் கண்ணில் படுவதையும் இரண்டு தனி நிகழ்தகவுகளாகப் பிரித்து மதிப்பிட வழி காட்டியது. அதற்கு வேண்டியது ஒன்றே: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், கண்டதையும் காணாததையும் சம மதிப்போடு எழுதிவைத்த குறிப்புகள். காணாதது எழுதப்படாவிட்டால் அந்தக் கணக்கே ஓடாது. இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியல் இடும்போது, “அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் குறித்துவிட்டீர்களா” என்று கேட்பதும், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்று கேட்பதும் இதற்காகத்தான். முழுப் பட்டியல் என்றால், அதில் இல்லாத பெயர்களும் தகவலாகிவிடுகின்றன. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் ஏரிக்கரையில் கால் மணி நேரம் நின்று கொக்கையும் நாரையையும் குறிக்கும் பள்ளிப் பிள்ளையின் பட்டியலுக்கும் இந்த மதிப்பு உண்டு.

நான் சொல்வதற்கு வலுவான சான்று இன்னொரு வடதுருவக் கடற்காகத்திடமிருந்து வருகிறது. தந்தக் கடற்காகம்: உடல் முழுதும் தூய வெள்ளை, கறுத்த கால்கள், சாம்பல் அலகின் நுனியில் மஞ்சள். பனிப்பாறைகளின் விளிம்பிலேயே வாழும். சீல்களின் எச்சங்களையும் துருவக் கரடி தின்று விட்டதையும் பொறுக்கும். கனடாவில் அது கூடு வைப்பது எல்ஸ்மியர், டெவன் போன்ற தீவுகளில், பனிப்படலத்தைத் துளைத்துக்கொண்டு நிற்கும் பாறை முகடுகளில். பாஃபின் தீவின் புரோடியர் தீபகற்பத்துச் சரளைச் சமவெளிகளிலும். விஞ்ஞானிகள் எளிதில் போய்ப் பார்க்கும் இடங்கள் அல்ல. 1980-களுக்குப் பிறகு பல ஆண்டுகள் யாரும் முறையாக எண்ணவில்லை. எண்ணாத காலத்தில் பழைய எண்ணிக்கையே செல்லும் என்று காகிதத்தில் கிடந்தது.

செல்லாது என்று சொன்னவர்கள் அந்த வடபகுதியின் பழங்குடிகளான இன்யூட் மக்கள். ஆர்க்டிக் பே, ரெசொலூட் பே, கிரீஸ் ஃபியார்ட் ஊர்களில் வாழ்கிறவர்களிடம் ஆய்வாளர் மார்க் மல்லோரியும் அவருடன் பணியாற்றியவர்களும் பேசிப் பதிவு செய்த செய்தி 2003-இல் வெளியானது: முன்பு வழக்கமாகக் கண்ட பறவையை இப்போது காண்பது அரிதாகிவிட்டது. இது ஒருநாள் ஏமாற்றம் அல்ல. வேட்டைக்காக ஆண்டுதோறும் அதே பனிவிளிம்பில், அதே பருவத்தில் நடமாடுகிறவர்கள், வரவேண்டிய ஒன்று வராமல் இருப்பதைக் கவனித்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் தந்தக் கடற்காகத்தைத் தேடிப் போனவர்கள் அல்ல. ஆனால் அவர்களுடைய வாழ்க்கையே ஒரு முழுப் பட்டியல். அந்த உரையாடல்களுக்குப் பிறகு 2002, 2003 ஆண்டுகளில் கிராண்ட் கில்கிரைஸ்டும் மல்லோரியும் விமானத்தில் போய், முன்பு அறியப்பட்ட இனப்பெருக்க இடங்களைப் பார்த்தார்கள். 1980-களோடு ஒப்பிட்டால் 80 விழுக்காடு குறைந்திருந்தது. சில குடியிருப்புகள் வெறிச்சோடிக் கிடந்தன. 2006-இல் கனடா அதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக மதிப்பிட்டது. அருங்காட்சியகங்களில் இருந்த பழைய இறகுகளை ஆராய்ந்தபோது, 1877-க்கும் 2007-க்கும் இடையே அதன் இறகில் மெத்தில் பாதரசம் என்ற நச்சு 45 மடங்கு கூடியிருந்தது பின்னால் தெரியவந்தது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் காணாமை. அதை நம்பிக் கேட்டவர்கள். அதன் பிறகு எண்ணிக்கை, அதன் பிறகு பாதரசம். இதே காலத்தில் இன்னும் தெற்கே, அமெரிக்கக் கடற்கரையில் எப்போதாவது வழிதவறி வந்த ஒற்றைத் தந்தக் கடற்காகத்தைப் பார்த்தவர்களின் மகிழ்ச்சியான குறிப்புகளும் சேர்ந்துகொண்டுதான் இருந்தன. 2009 ஜனவரியில் மாசசூசெட்ஸ் கரையிலேயே கண்டார்கள். கண்டவற்றை மட்டும் தொகுத்துப் பார்க்கிறவருக்கு அந்தப் பறவை நலமாக இருப்பதாகவே தோன்றியிருக்கும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு எல்லோருக்கும் தெரிந்தது: காணவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. நம் பக்கத்து மாநிலத்திலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. ஜெர்டன்ஸ் கோர்சர் என்ற தரைவாழ் பறவை 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்துவிட்டதென்றே பலரும் நம்பிய நிலையில், 1986 ஜனவரியில் ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் திரும்பக் கிடைத்தது. கண்டுபிடித்தவர் உள்ளூர்ப் பறவை பிடிப்பவர், அதுவும் இரவில், விளக்கு வெளிச்சத்தில். அந்தப் பறவை இரவில் நடமாடுவது. பகலில் எத்தனை பேர் தேடினாலும் அந்தத் தேடல்களின் கண்டறியும் வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம். என் வாதத்துக்கு இது எதிரானதாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘தேடினோம், இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது பயனற்ற வரி. ‘பகலில் தேடினோம், இல்லை’ என்று எழுதியிருந்தால் அந்த வரியே அடுத்தவருக்கு எதை மாற்றிப் பார்க்கவேண்டும் என்று காட்டியிருக்கும். எப்படித் தேடினோம் என்பதைச் சொல்லாத ‘இல்லை’க்கு மதிப்பில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கூர்மையானது. வழிதவறி வந்த ஒற்றைக் கடற்காகம் ஓர் இனத்தின் நலத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அதைக் காணாததும் எதையும் சொல்லாது. பட்டியல் பித்துப் பிடித்தவர்களின் ஆறுதலுக்கு அறிவியல் முலாம் பூசுகிறீர்கள் என்பார்கள். பாதி உண்மை. ஒரு ஒற்றைப் பறவையால் பெரிய முடிவு எதற்கும் வரமுடியாதுதான். ஆனால் அபூர்வ வரவுகளின் தொகுப்புக்கு மதிப்பு இருக்கிறது, அந்தத் தொகுப்பின் நம்பகத்தன்மை காணாமைக் குறிப்புகளைச் சார்ந்தே நிற்கிறது. இங்கிலாந்தில் ‘ஹேஸ்டிங்ஸ் அபூர்வங்கள்’ என்று ஒரு விவகாரம் உண்டு. 1892 முதல் 1930 வரை, ஹேஸ்டிங்ஸ் ஊரைச் சுற்றியுள்ள பகுதியில் மட்டும் அபூர்வப் பறவைகள் சுடப்பட்டுக் குவிந்துகொண்டே இருந்தன. பாடம் செய்யும் ஒரு கடைக்காரர் கையாலேயே அவற்றில் பெரும்பாலானவை வெளிவந்தன. சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுத்தார்கள். 1962-இல் ‘பிரிட்டிஷ் பேர்ட்ஸ்’ இதழில் புள்ளியியலாளர் ஜான் நெல்டரும், மேக்ஸ் நிக்கல்சனும் ஃபெர்குசன் லீஸும் இதை உடைத்தார்கள். நெல்டர் செய்ததன் சாரம்: அதே காலத்தில் பக்கத்துப் பகுதிகளில் அந்தப் பறவைகள் வரவில்லை, பிற்காலத்தில், பார்ப்பவர்கள் பெருகியும், ஹேஸ்டிங்ஸிலும் அந்த அளவு வரவில்லை. 29 இனங்களும் துணையினங்களும் பிரிட்டிஷ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பிடிபட்ட பறவைகளை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் அந்த மோசடி வெளிப்பட்டிருக்காது; எல்லாம் உண்மையான பறவைகள்தான், வேறு நாடுகளிலிருந்து வந்தவை. அக்கம்பக்கத்தில் அவை காணப்படாமைதான் காட்டிக்கொடுத்தது.

பட்டியல் பித்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பித்து இருக்கிறது, அதை மறுப்பதில் பயனில்லை. மூன்று நாள் விடுப்பு எடுத்து, நெடுந்தூரம் போய், குளிரில் நின்று, கிடைக்காமல் நிற்கும் மனம் ஒரு கட்டத்தில் பேரம் பேசத் தொடங்கும். தொலைவில் ஒரு வெள்ளைக் கடற்காகம் தெரிந்தால் போதும், அது தந்தக் கடற்காகமாகிவிடும். வெயிலிலும் உப்பிலும் வெளுத்துப்போன இளம் ஐஸ்லாந்துக் கடற்காகமாக இருக்கலாம். நிறமி குன்றிய சாதாரணக் கடற்காகமாக இருக்கலாம். கால் கறுப்பா, இளஞ்சிவப்பா என்று பார்த்தால் விஷயம் தீர்ந்துவிடும். ஆனால் பறவை தண்ணீரில் அல்லவா மிதக்கிறது! பெரிய கடற்காகங்கள் முதிர்ந்த நிறத்துக்கு வர நான்கு ஆண்டு ஆகும் என்பதால், ஒவ்வோர் இனமும் ஒவ்வொரு வயதிலும் வேறு உருவம் காட்டும், கலப்பினங்களும் உண்டு. இத்தகைய தவறுகளைச் சலிக்க 1959 முதல் பிரிட்டனில் அபூர்வப் பறவைக் குழு ஒன்று இயங்குகிறது. பல நாடுகளில் அதைப் பின்பற்றியிருக்கிறார்கள். அந்தக் குழுக்கள் கண்டதாகச் சொல்பவற்றை மட்டுமே விசாரிக்கின்றன. காணாமையையும் மதிப்புள்ள விடையாக ஏற்கும் பழக்கம் இருந்தால், அந்த மனம் பேரம் பேசவேண்டிய தேவையே குறைந்துவிடும் என்பது என் எண்ணம். வெறுங்கையோடு திரும்புவது அவமானமாக இருக்கும்வரை, மிதக்கும் வெள்ளைப் பறவைக்குக் கறுத்த கால்கள் முளைத்துக்கொண்டேதான் இருக்கும்.

மூன்றாவது மறுப்பு பறவையின் பக்கத்திலிருந்து வருகிறது: கூட்டமாகத் துரத்திப் போவதே தொல்லை, அதற்கு எரிபொருள் வேறு, இதில் தேடலை இன்னும் நியாயப்படுத்தவேண்டுமா? பயணத்தைப் பற்றிய பகுதிக்கு என்னிடம் முழு விடை இல்லை. தொலைவிலிருந்து வந்த ஒற்றைப் பறவைக்காக அதைவிடத் தொலைவு பறப்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. தொல்லையைப் பற்றிச் சொல்ல ஒன்று உண்டு. கூட்டம் ஒரே இடத்தில் குவிவதற்குக் காரணம், பறவை கடைசியாகக் கண்ட இடம் மட்டுமே செய்தியில் ஓடுவது. எங்கே, எந்த ஓதத்தில், எவ்வளவு நேரம் தேடிக் காணவில்லை என்பதும் சேர்ந்து ஓடினால், கூட்டம் தானாகவே பரவும்; அதைவிட முக்கியமாக, பறவை போய்விட்டது என்ற முடிவு இரண்டு நாள் முன்னதாகவே கிடைத்து, பலர் வீட்டிலிருந்தே புறப்பட மாட்டார்கள். இன்றைய வழக்கத்தில், ஒரு பறவை ‘புறப்பட்ட நாள்’ என்று நாம் எழுதுவது பறவை புறப்பட்ட நாள் அல்ல. யாரோ கடைசியாக அதைப் பார்த்த நாள். அதற்குப் பிறகு எத்தனை பேர் தேடினார்கள் என்று எழுதப்படாதவரை அந்த இரண்டும் ஒன்றா என்று சொல்ல வழியே இல்லை.

ஒரு இனம் அழிந்தே போனது என்று அறிவிக்கவும் இந்தக் கணக்குதான் வேண்டியிருக்கிறது. ஒல்லி அலகுக் குதிரைமூக்கு உள்ளான் கடைசியாக உறுதியாகக் காணப்பட்டது 1995-இல், மொராக்கோவின் மெர்ஜா ஸெர்கா கடற்கழியில். அதன் பிறகு பல நாடுகளில் முனைந்து தேடினார்கள். 2024-இல் வந்த ஆய்வு, பழைய பதிவுகளையும் தேடல்களின் அளவையும் ஒன்றாகச் சேர்த்து, அது அழிந்துவிட்டிருக்க 96 விழுக்காடு வாய்ப்பு என்று மதிப்பிட்டது. அந்த எண்ணுக்குப் பின்னால், சதுப்புநிலக் கரைகளில் நின்று ஒன்றும் காணாமல் திரும்பிய பலருடைய நாள்கள் இருக்கின்றன. அவர்கள் திரும்பிப் போய் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் 1995-க்குப் பிறகு இருப்பது வெறும் மௌனமாகவே நின்றிருக்கும். அந்த மௌனத்துக்கு இரண்டு பொருள் சொல்லலாம்: பறவை இல்லை, அல்லது தேடவில்லை.

ஆகவே நம் கரைக்கு வருவோம். கோடியக்கரையிலோ பழவேற்காட்டிலோ தனுஷ்கோடியிலோ குளிர்காலத்தில் பழுப்புத்தலைக் கடற்காகக் கூட்டத்தை ஸ்கோப்பில் துழாவுகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஏதோ ஒரு வித்தியாசமான பறவையைச் சொல்லக் கேட்டு, மறுநாள் போய்க் காணாமல் வருகிறவர், வீட்டுக்குப் போய் மூன்று வரி எழுதினால் போதும். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, ஓதம் ஏறிக்கொண்டிருந்ததா வற்றிக்கொண்டிருந்ததா. கூட்டத்தில் ஏறத்தாழ எத்தனை பறவைகள், அவற்றுள் எத்தனை பறந்து இறக்கையும் வாலும் காட்டின, எத்தனை உட்கார்ந்தபடியே இருந்தன. கரையின் எந்தப் பகுதிக்குப் போகவே முடியவில்லை. கடைசி வரிதான் பலரும் விட்டுவிடுவது. மறுநாள் போகிறவர் முதலில் போகவேண்டிய இடம் அதுதான்.